சீமாறு ஒன்று

அரசூர்க் கொட்டகையில்
கூரை நடுவே ஒரு முழ அகலம் திறந்தே கிடக்கும்.
கசிந்தால் வாயு மேலே போய்விட வேண்டும்,
தங்கக் கூடாது.
அந்த வழியாகத்தான் ஐப்பசியில் மழை உள்ளே வரும்.
தாளை நெஞ்சோடு அணைத்து
நனைந்துகொண்டே குறிப்பெழுதுவோம்.
பாதுகாப்பில் கொஞ்சம் சளியும் சேர்த்தி.

சென்னியப்பன் நாமக்கல்காரர்.
பதினெட்டு வருசம் கேஸ் டேங்கர் ஓட்டிய மூக்கு.
சிராடி மலையேறும் இருட்டில் ஒருமுறை வால்வு கசிய,
அழுகின முட்டைகோஸ் வாடைதான்
அவரை எழுப்பி ஓட வைத்ததாம்.
"இதுல வாசமே இல்லீங்களே அம்மிணி,
நாத்தம் ஏதாச்சும் கலந்தா என்னங்?"
கலந்தால் காரின் செல் கெட்டுவிடும் என்றேன்.
"அப்ப மனுசனுக்கு மூக்கெதுக்குங்?"
கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர் போனில்:
கார் வெடிக்காதுங்களே?
பெட்ரோல் தரையில் தேங்கும்,
இது மேலே ஓடிவிடும் என்றேன்.
அது பாதி.
கூரை மூடியிருந்தால் ஓடாது என்று மீதியைச் சொல்வதற்குள்
அவர் நிம்மதியாக வைத்துவிட்டிருந்தார்.

இன்று நெருப்புச் சோதனை.
கார் இல்லை, தொட்டி மட்டும்.
கார்பன் நூல் சுற்றிய வயிற்றுக்குள்
நாம் சுமக்கும் காற்றைப்போல் எழுநூறு மடங்கு அழுத்தம்.
அடியில் தீ மூட்டிவிட்டு
மணல்மூட்டைக்கு இந்தப் பக்கம் குந்தினோம்.
ஏழாவது நிமிடம்
சூட்டுக்கென்றே வைத்த சின்னத் திருகு
வாயைத் திறந்தது.
சூலூர் விமானம் தலைமேல் இறங்குகிற சத்தம்.
வெடிக்காமல் இருக்கத்தான் அத்தனை சத்தம்.

பிறகு மானி பூச்சியம். அடித்தீயும் அணைந்தது.
உச்சி வெயில்.
வெப்பக் கேமரா சார்ஜில் கிடந்தது.
இந்த நெருப்புக்கு வெயிலில் நிறம் கிடையாது,
புகை கிடையாது,
நடந்து போய் உள்ளே நுழைந்த பின்தான் தெரியும்.
தென்னஞ்சீமாற்றைக் கை நீட்டிப் பிடித்து
அடிமேல் அடி வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
நிரப்புகிற குழாய் இணைப்புக்கு ரெண்டு முழம் முன்னால்
ஒன்றுமில்லாத இடத்தில்
ஈர்க்குகள் பற்றிக்கொண்டன.

பின்வாங்கி, லைனை மூடி,
சீமாற்றை மண்ணில் தேய்த்து அணைத்தேன்.
பின்னாலிருந்து சென்னியப்பன்
ஆழமாக இழுத்துவிட்டுச் சொன்னார்:
"இப்பத்தானுங் வாசம் வருது."

அறிக்கையில் கருவிகள் என்ற கட்டம்.
அழுத்தமானி, வெப்பமானி,
அதற்குக் கீழே சீமாறு, ஒன்று.
மானேஜர் மூன்றாவதை அடித்துவிட்டார்.
சனிக்கிழமை அன்னூர்ச் சந்தைக்குப் போகிறவரிடம்
ரெண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்,
நீளமானதாய்ப் பார்த்து.