ஏழு அங்குலம், அரை நூல்

நிலத்திலிருந்து மேல்தட்டுக்குத் தொண்ணூற்றொன்பது அங்குலம்.
பதினாலாகப் பிரித்தால் ஓர் ஏற்றம்
ஏழு அங்குலம், அரை நூல்.
கால் வைக்க ஒன்பது அங்குலத்துக்குக் குறையக்கூடாது
என்கிறது பிரதேச சபையின் தாள்.
பெருக்கினால்
படி மட்டுமே பத்தடிக்கு மூன்று அங்குலம் குறைவு.

தர்மபுரத்தில் வீட்டுத்திட்ட வீடு.
முன்னறை பன்னிரண்டடி.
அதற்குள் இரண்டு கதவு, ஒரு தையல் மிஷின்,
சாமிப்படத் தட்டு, நெல்மூட்டை மூன்று.

ஏணி வைப்பமா என்றார் சுகிர்தமலர்.
ஏணியைப் படியென்று ஒப்புக்கொள்ளச் சபையில் ஆளில்லை.
சுருள்படி?
இரும்பின் விலையைச் சொன்னதும்
எனக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

பரந்தன் சந்தியில் டயர்க்கடைக்கு மேலே என் மேசை.
இரண்டு இரவு அழிறப்பர்த் தூளுக்குள் கிடந்து
ஒன்றைக் கண்டுபிடித்தேன்
(எனக்கு முன்பே எவரோ கண்டதுதான்,
அந்த நேரம் நான் என்றே பட்டது):
ஒவ்வொரு படியிலும் பாதியை வெட்டி எறிவது.
ஒன்றுக்கு இடப்பாதி, அடுத்ததற்கு வலப்பாதி.
இடம், வலம், இடம், வலம்,
ஐந்தடிக்குள் ஏறி முடிந்துவிடும்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அடுக்கிய பைல்களில் ஏறியும் பார்த்தேன்.
"ஒரு அறைக்குத்தானே,
ரெண்டு பக்கமும் கைபிடி போட்டால் யோசிப்பம்"
என்றார் சபையின் நிமலேந்திரன்.
அவர் வாயில் அது பாதி அனுமதி.

தையல் மிஷின்மேல் பிளானை விரித்தேன்.
மகள் துளசிகா மேசைக்கு இடம் வருமாவென்று
சாணால் அளந்து பார்த்தாள்.
அற்புதராசா மண்வெட்டிக்குப் பிடி போட்டபடி
ஒருதரம் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
"இவர் மேல ஏறத் தேவையில்லைத்தானே"
என்றார் சுகிர்தமலர்.

பின்னேரம் போன் வந்தது.
"தங்கச்சி, ராவில அவள் படிக்கேக்கை
தேத்தண்ணி குடுக்கிறது நான்."
எங்கோ ஒரு உழவு இயந்திரம் போய் முடியும்வரை பேசாமலிருந்தார்.
"ரெண்டு காலும் ஒரு படியில வந்தால்தான்
எனக்கு மற்றப் படி."

வலது முழங்காலுக்குக் கீழே அவருக்கு வேறு கால்.
கதவை அளந்தேன், மிஷினை அளந்தேன்,
மூட்டையைக்கூட அளந்தேன்.
வாசலில் கிடந்த செருப்புச் சோடியில்
ஒன்று மட்டும் தேய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே
கடந்து போயிருக்கிறேன்.
என் அழகான படியில் ஒரு காலுக்குத்தான் இடம்.
மற்றது எங்கே நிற்கும்?

திரும்பவும் ஒன்பது அங்குலம்.
நான் வாய்க்குள் திட்டிய எண்.
அதை எழுதியவர் கையில் கோப்பையோடு ஏறுகிறவரை
நினைத்தாரோ இல்லையோ, தெரியாது.
நாடாவை நிலத்தில் விரித்து
இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து
கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆறு படி, மூலையில் ஒரு தரிப்பு, திரும்பி ஆறு படி.
கைபிடி ஏறும்போது இடப்பக்கம்,
கோப்பை வலக்கையில் என்பதால்.
வளை தலையில் இடிக்காமலிருக்க
துளசிகாவின் அறையில் ஓரடி வெட்டினேன்.
"மேசை சின்னனெண்டாலும் காரியமில்லை அக்கா."
நெல்லும் மிஷினும் படியின் வயிற்றுக்குள் போயின.
சாமிப்படங்களுக்கு மட்டும் இடம் சரிவரவில்லை;
காலுக்குக் கீழே அவர்களை வைக்கலாமா என்று
இன்னும் வழக்கு நடக்கிறது.

முதிரைப் பலகையில் பாலேந்திரா அடித்து முடித்து
ஒரு கிழமைக்குப் பிறகு பார்க்கப் போனேன்.
நாலாவது படியில் தேத்தண்ணிக் கறை.
ஐந்தாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை.
நாடாவை வைத்தேன்:
ஏழு அங்குலம், மூன்று நூல்.
"பலகை கொஞ்சம் ஊதியிருக்கும்"
என்றார் அற்புதராசா, பாலேந்திராவைக் காட்டிக்கொடுக்காமல்.

படியிலேயே இருந்து பாலேந்திராவுக்குப் போன் எடுத்தேன்.
சீவுளியோடு வரச் சொன்னேன்.
இண்டைக்கே.