ஏழாம் எண்

மெரிமா கொண்டுவந்த விலைப்பட்டியலில்
கருவி ஒன்றுக்கே என் கடையின் ஒரு மாத வாடகை.
அவளுக்கு வேண்டியது இருபது.
"உன்னால் முடியுமா, நெஜாத்?"
செத்த செல்பேசிகளின் நடுவே உட்கார்ந்திருப்பவனிடம்
அப்படிக் கேட்கக் கூடாது.

உணரி ஐந்து மார்க். நகத்தளவு சிப். நாணய மின்கலம்.
தண்ணீர்க் குழாயில் வெட்டிய அரையடித் துண்டு,
இரு முனையிலும் மூடி, வாயடைக்க எபாக்சி.
ஈரம் குடிக்க, வறுத்த அரிசி ஒரு பிடி
பழைய காலுறையில் முடிந்து உள்ளே.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழிக்கும்,
ஓர் எண்ணை எழுதும்,
மறுபடி தூங்கிப்போகும்.
இவ்வளவுதான் அதன் பிழைப்பு.
ஏறக்குறைய என்னுடையதும்.

செனாதாவின் இறைச்சிக் கடையில் பனிக்கட்டி வாங்கி
நொறுக்கி, நீர் விட்டு, வாளியில்
இருபதையும் ஒன்றாக முக்கினோம்.
எல்லாம் பூஜ்ஜியம் என்று சொல்லியிருக்க வேண்டும்.
ஒன்று 0.3 என்றது, ஒன்று அதற்கும் கீழே போனது.
அவரவர் பொய்யை அவரவர் முதுகில்
வெள்ளைப் பெயின்டால் எழுதினேன்.

ஜூலையில் வலது கரையோரமாக மட்டும் கட்டினோம்.
இடது கரையில் மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகள்,
போர் முடிந்தும் எடுக்காத கண்ணிவெடிகள்.
அந்தப் பக்கத் தண்ணீருக்கும் சூடு உண்டு, குளிர் உண்டு.
யார் போய் அளப்பது?

ஆகஸ்ட் கடைசியில் அவிழ்த்து வந்தோம்.
நான்காம் எண் சொன்னபடி
ஒருநாள் இரவு இரண்டு பத்துக்கு
ஆறு எண்பத்தைந்து டிகிரியில் கொதித்திருக்கிறது.
மின்சாரம் தடுக்கி விழித்தால்
அந்த சிப் உளறும் எண் அது; எனக்குத் தெரியும்.
மெரிமா சிரித்துச் சிரித்து, நோட்டில்
"மீன் சூப்" என்று எழுதிக்கொண்டாள்.
பதினொன்று மூழ்கிச் செத்தது. எபாக்சி காயுமுன்
நான் அவசரப்பட்டதால்.
பதினாறை யாரோ தூண்டிலுக்குக் குண்டாக்கிவிட்டார்கள்.
மற்றதெல்லாம் மதியத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று.
டிரவுட் மீனுக்கு அது அடுப்பு.

ஏழு மட்டும்
பகலிலும் ஒன்பது புள்ளி நான்கு,
இரவிலும் ஒன்பது புள்ளி நான்கு.
இதயம் நின்றவனின் திரையில் ஓடும் கோடு.
மன்னிப்புக் கேட்டேன். மலிவான சாமான், வேறென்ன.
திரும்பவும் வாளியில் போட்டேன்:
முதுகில் இருந்ததைக் கழித்தால் சுத்தமான பூஜ்ஜியம்.
அதே இடத்தில் பத்தொன்பதைக் கட்டி
ஒரு வாரம் விட்டோம்.
ஒன்பது புள்ளி நான்கு.

மெரிமா செருப்போடு இறங்கினாள்,
பாறைக்கடியில் தோள்வரை கைவிட்டாள்.
"ஐயோ" என்றாள். பிறகு, "நீயும் விடு."
விட்டேன். விரல்கள் மரத்தன.
கல்லின் வெடிப்பிலிருந்து, இடது கரை மலைக்கடியிலிருந்து,
நாம் கால்வைக்க முடியாத அந்த மண்ணின் அடிவயிற்றிலிருந்து
குளிர் வந்துகொண்டிருந்தது.
அதன் முன்னால் நாற்பது மீன்களாவது,
எல்லாத் தலையும் ஒரே பக்கம்,
நிழற்குடையில் ஒடுங்கி நிற்கும்
மதியப் பேருந்துப் பயணிகளைப் போல.

அணை கட்டப்போகும் கம்பெனியின் படிவத்தில்
ஒரே ஒரு கட்டம்: 'சராசரி வெப்பநிலை'.
கூட்டி வகுத்தால் ஏழாம் எண் கரைந்துவிடும்.
மெரிமா அதைக் காலியாக விட்டு
பதினேழு வரைபடங்களைப் பின் அடித்தாள்,
மேலே ஏழு.

பதில் இன்னும் வரவில்லை.
கடை மேசையில் இன்னும் பத்துக் குழாய்கள்.
இந்த முறை எபாக்சி
இரண்டு நாள் காயட்டும்.