338-இலிருந்து 231-க்கு

பிப்ரவரியில் மூன்றாவது சூளையும் அணைந்தது.
டைல்ஸ் சுட்டே பிழைத்த ஊர்.
காஸ்தெயோன் மலையோரம்
புகைபோக்கிகள் சும்மா நின்றன.

நான் நகராட்சியில் கணக்கு அதிகாரி.
என் கையெழுத்தில்லாமல்
ஒரு யூரோ வாசல் தாண்டாது.
அவசர உதவிக்கு ஒதுக்கியது நாற்பதாயிரம்.
மார்ச் பாதியில் கையிருப்பு
அறுநூற்றுப் பன்னிரண்டு.

வேலை போனவரின் வரி நிற்கிறது,
வயிறு நிற்பதில்லை.
வரவுப் பக்கத்தில் அழிந்த அதே ஆள்
செலவுப் பக்கத்தில் முளைக்கிறார்.
மன்றத்தில் இதைச் சொன்னேன்.
"தாளில் எழுதிக் கொடு" என்றாள்
மேயர் நெவுஸ்.

எதை வெட்டுவது?
நீச்சல் குளத்தின் வெந்நீரைப் போன வருடமே வெட்டியாயிற்று.
நூலகக் கூரை ஏற்கெனவே ஒழுகுகிறது.
கடைசி நாற்காலியிலிருந்து எலிசேவ்
கெட்ட வார்த்தை சொல்பவனின் குரலில் சொன்னான்:
"வாணவேடிக்கை."

செப்டம்பர் திருவிழா. பத்து நிமிடம்.
முப்பத்தெட்டாயிரம்.
வெடிச்சத்தம் இல்லாமல் எந்தப் புனிதரும்
எங்கள் தெருவில் இறங்கியதில்லை.
எட்டுக்கு ஐந்து. நிறைவேறியது.

இனம் 338, விழாக்கள்.
இனம் 231, சமூக உதவி.
நடுவே ஓர் அம்புக்குறி, கீழே என் கையெழுத்து.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல், மே.
மின்கட்டணம், வாடகைப் பாக்கி,
ஒரு சிறுமிக்கு மூக்குக்கண்ணாடி.
அம்புக்குறி வேலை செய்தது.

ஜூனில் பாட்டிஸ்தா வந்தான்.
இடது கையில் இரண்டு விரல் பாதிதான்.
மருந்து இடிக்கும் பட்டறையில் ஆறு பேர்;
நான்கு ஊர் இந்த வருடம் வேண்டாம் என்றுவிட்டதாம்.
"முதல் ஊர் எது?" என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
'வருமானம் இழந்த காரணம்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு
"இங்கே என்ன போடட்டும்?" என்றான்.
ஒரு கோடு போடச் சொன்னேன்.
மனு எண் இருநூற்றுப் பதின்மூன்று.
நானூற்றுப் பத்து யூரோ.
அவன் பணத்திலிருந்து அவனுக்கே,
அதுவும் மூன்று வாரம் கழித்து.

இன்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தாலும்
அதே அம்புக்குறியைத்தான் போடுவேன்.
தூக்கத்தைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் ஊர் முழுக்க
பழக்கத்தில் மாடி ஏறியது.
மணி பன்னிரண்டு.
அண்ணாந்த கழுத்துகள்.
எங்கோ யாரோ தும்மினார்கள்.
எங்கள் நாய் மட்டும்
கட்டிலடியில் புகுந்து காதை மடக்கிக்கொண்டது.
அதற்குத் தீர்மானத்தை
யாரும் வாசித்துக் காட்டவில்லை.