கிளினிக் கொப்பி

நாற்பது பக்கமா, எண்பதா என்று கேட்டேன்.
எண்பது எடுங்கோ என்றா மிஸ்,
நிமிர்ந்து பார்க்காமலே.

இதே கொப்பியைக்
கோர்ட் வீதியில் என் கடையில்
பதினொரு வருடம் விற்றிருக்கிறேன்.
பிரஷர்காரருக்கு, சீனி வருத்தக்காரருக்கு,
சில்லறையை வைத்துவிட்டுக்
கொப்பியைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு போனவர்களுக்கு.
அவர்கள் எந்தக் கிளினிக் என்று
இப்போதுதான் தெரிகிறது.

என்னுடையதை என் கடையில் எடுக்கவில்லை.
நாலு சந்தி தள்ளி
முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கினேன்.
பத்து ரூபா கூட.
பேசாமல் கொடுத்தேன்.

எப்படித் தொடங்கினது என்று டொக்டர் கேட்டா.
தாள் விலையிலிருந்து தொடங்கினேன்.
கரண்ட் வெட்டு, லீசிங்கில் எடுத்த கலர் மெஷின்,
ஐந்தாம் திகதி வந்தால் போனை
அரிசி வாளிக்குள் புதைத்துவைத்தது.
"அது கடையின் கதை. நீங்கள்?"
அதற்கு என்னிடம் ஒரு வசனமும் இருக்கவில்லை.

பிறகு அந்த இரவைச் சொன்னேன்.
பாலையூற்றில் செத்த வீடு.
விடியமுன் நூறு நோட்டீஸ்.
செத்தவருக்கு அவசரமில்லை, மருமகனுக்குத்தான்.
கண்ணீர் அஞ்சலி. கரையெல்லாம் பூ. நடுவில் பெயர்.
இரண்டு மணிக்கு ஒரு பிரதி எடுத்துப் பார்க்கிறேன்,
சத்தியரூபி நாகேந்திரம் என்றிருக்கிறது.
நான்தான்.
நானேதான் அடித்திருக்கிறேன்.

பயம் வரவில்லை, டொக்டர்.
எழுத்து கொஞ்சம் பெரிசு,
சுருக்கினால் வடிவாயிருக்கும் என்று நினைத்தேன்.
சுருக்கினேன்.

காலையில் சிபானா கூடைக்குள் அந்தத் தாளைக் கண்டாள்.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு
ஓட்டோவுக்குக் கை காட்டினாள்.

முதல் மாதம் முழுக்க நித்திரை.
குளிசைக்கு நாக்கு மரத்துண்டு போலாகும்.
மத்தியானம் எழும்பி வெறும் பாண் தின்று
திரும்பவும் படுப்பேன்.
மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
அது நின்ற இடத்தில் சீமெந்து
புதுசு போல் சதுரமாய்ப் பளிச்சென்றிருந்தது.
அதில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.
வாற ஆட்களுக்கு ஏற்கெனவே இரண்டு கதிரை.
எனக்கென்று இதுதான் முதல்.

இப்போது ஆறு மணிக்குப் பூட்டு.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவரும் மான்கள்
வாசலில் மட்டைப் பெட்டியை மெல்லும்.
முந்தி தும்புத்தடியோடு ஓடுவேன்.
போன கிழமை ஒன்று
மேசையில் கிடந்த பில்லைக் கவ்வியது,
ஒரு டியூட்டரி தரவேண்டிய ஏழாயிரத்து நானூறு.
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.
நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்,
பிறகு பாய்ந்து மிச்சத்தை இழுத்தெடுத்தேன்.
சிபானா சிரித்தாள். எச்சில் கையோடு நானும்.
தொகை எழுதின பக்கம் தப்பிவிட்டது.

எல்லா நாளும் இப்படியில்லை.
சில காலைகளில் திறப்பைக் கையில் வைத்தபடி
எதிர்ப் பக்கத்திலேயே நிற்கிறேன்,
பஸ்ஸுக்கு நிற்பவள் போல.

நேற்று இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது.
செத்த வீடு.
விடிய ஏழு மணிக்குத் தாறன் என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
போனை வைத்த பிறகும் கை நடுங்கியது.
வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.
போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு தரம்.
மழை தொடங்கியது.
ஜன்னலைச் சாத்தவேணும் சாத்தவேணும் என்று
கிடந்தபடியே நித்திரையாகிவிட்டேன்.

காலையில் பார்த்தால்
ஜன்னலோரம் வைத்த கிளினிக் கொப்பியில்
நாலு பக்கம் ஊறி, டொக்டரின் நீல மை பரவியிருந்தது.
என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே
உடுப்புக் கொடியில், இரண்டு கிளிப் போட்டு,
கொப்பியைக் காய விட்டேன்.