அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது

நீடாமங்கலம் கேட் போட்டாயிற்று.
எஞ்சின் கழன்று மறுமுனைக்கு ஓடி
மாட்டிக்கொள்ள இருபது நிமிடம்,
சில நாள் நாற்பது.
ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு
டீக்கு இறங்கிவிட்டார்.

மடியில் நோட்டு. மூன்றாம் கணக்கு.
ஐந்து கணு, இரண்டு மூலம்,
அதில் ஒன்று இன்னொன்றைச் சார்ந்தது.
ஜன்னலில் முறுக்குக்காரர் எட்டிப் பார்த்து
"வீட்டு வயரிங்கா பாப்பா?" என்கிறார்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்து
ஆமாம் என்கிறேன்.

சர்க்யூட் தியரி, ஆனர்ஸ் பிரிவு.
சாதாரணப் பிரிவில் சூத்திரம் பலகையில் வரும்.
அது எங்கிருந்து வந்தது என்று
எங்களைக் கேட்பார்கள், பரீட்சையில்.
ஜூலையில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தோம்.
முதல் தேர்வில் எனக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று.
கணக்கில் நூற்றுக்கு நூறு என்று
என் படத்தோடு கட்டிய ஃப்ளெக்ஸ்
கொரடாச்சேரி கடைத்தெருவில் இன்னும் கிழியவில்லை.
அதைப் பார்க்காமல்தான் பேருந்து ஏறுகிறேன்.
தீபாவளிக்குள் பதினான்கு பேர் ஆனோம்.

பிரிவு மாற்ற விண்ணப்பம்
அப்பாவின் கையெழுத்தோடு
நோட்டின் கடைசிப் பக்கத்தில் மடிந்து கிடக்கிறது.
இன்று நான்கு மணி வரை வாங்குவார்கள்.

மின்தேக்கியைத் தலைகீழாகச் செருகியது நான்தான்.
பட்டென்று வெடித்து
வெள்ளிக் காகிதச் சுருள்
பிர்தௌஸின் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது.
ஆய்வகம் முழுக்க தீய்ந்த மீன் வாடை.
இருபது ரூபாய் அபராதம்.
"பத்து நீ, பத்து நான்" என்றாள்.
"தப்பு என்னுதுடி."
"இருக்கட்டும். நாம பக்க இணைப்பு,
மூளையும் ரெண்டு பேருக்கும் ஒரே ஓம்."

ஒரு கணுவுக்குள் வருவது எவ்வளவோ
வெளியே போவதும் அவ்வளவே.
இந்த ஒற்றை வரியை நம்ப
எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.
மூணாறு தலைப்பில் இறங்கி
பலகையில் எழுதியிருந்த கன அடியைக் கூட்டினேன்:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
பலகையில் எல்லாம் சரியாகவே இருந்தது.
கடைமடையில் போய்க் கூட்டியவருக்குத் தெரியும்,
நண்டு வளை குடித்தது எவ்வளவு,
மணல் எவ்வளவு, வெயில் எவ்வளவு,
ராத்திரி யாரோ வெட்டிய மடை எவ்வளவு.

கம்பிக்குள் நண்டு இல்லை,
அதனால் இது சுலபம் என்று
மறுநாள் வகுப்பில் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
சுலபம் என்ற சொல்லுக்காக இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று.
தொடங்கும்போது
மின்னோட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை.
ஏதோ ஒரு பக்கம் அம்பு போட்டுக்கொள்ளலாம்.
கடைசியில் கழித்தல் குறியோடு வந்து நின்றால்
போட்டவள் முட்டாள் என்று அர்த்தமில்லை,
அது அந்தப் பக்கம் போகிறது,
அவ்வளவுதான்.
நடுவில் மட்டும் அம்பைத் திருப்பக் கூடாது.
திருப்பித்தான் முப்பத்தொன்று வாங்கினேன்.

ஒரு கணுவைப் பூஜ்யம் என்று வைத்தேன்.
மிச்சம் நான்கு சமன்பாடு, நான்கு தெரியாதவை.
இரண்டாவதிலேயே நோட்டில் தாள் தீர்ந்தது.
முன் இருக்கைக்காரரிடம் தாள் கேட்கலாமா?
அவர் கையில் இருப்பது பூச்சிமருந்து ரசீது மட்டும்.

விண்ணப்பத்தின் பின்பக்கம்
வெள்ளையாக இருந்தது.

ஒன்றில் ஒன்றைப் போட்டு, கழித்து,
அடித்து, மேலே எழுதி,
அப்பாவின் கையெழுத்து மறுபக்கம் அழுந்தியிருந்த
மேட்டின்மேல் பேனா இரண்டு முறை இடறி
வந்தது விடை:
மைனஸ் இரண்டு மில்லி ஆம்பியர்.

கணுவில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இன்னொரு முறை கூட்டினேன். பூஜ்யம்.

ரயில் இன்னும் வரவில்லை.
ஓட்டுநர் இரண்டாவது டீ குடிக்கிறார்.
தாளில் கொஞ்சம் இடம் இருக்கிறது,
ஓரமாக.
நான்காம் கணக்கு.