நாற்பது ஷில்லிங் சதுப்பு

மை உறைந்துவிட்டது.
புட்டியைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றி
எழுதிக்கொண்டிருந்தேன்.
பெர்த் ஊர்ச் சந்தைத் திடல்,
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று டிசம்பர்,
வாக்கெடுப்பின் இரண்டாம் நாள்.
பலகை மேடையில் ஏறிப்
பேர் சொல்லி, நிலம் சொல்லி,
யாருக்கு என்பதை ஊர் கேட்கக் கத்த வேண்டும்.
வருஷத்துக்கு நாற்பது ஷில்லிங் பெறும் மண் இருந்தால்
தொண்டைக்குக் குரல் உண்டு.
இல்லாதவன் கீழே நின்று விஸ்கி குடிக்கலாம்,
பனியுருண்டை எறியலாம்.
பெண்கள் ஜன்னல்களுக்குள் இருந்தார்கள்.

ஆலை முதலாளி ஆபர்நெத்தி கெட்டிக்கார வேட்பாளர்.
ஆகஸ்டிலேயே தன் ஆட்கள் பதினோரு பேருக்கு
ஆற்றோரச் சதுப்பைக் கூறுபோட்டுப்
பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.
தேர்தல் முடிந்த மறுநாள் திருப்பித் தர வேண்டும்.
அது மட்டும் வாய்ப்பேச்சு.
அதை எழுதிவைக்க அவர் என்ன முட்டாளா?

பத்துப் பேர் ஏறினார்கள், கத்தினார்கள், இறங்கினார்கள்.
உன் நிலம் எந்தப் பக்கம் என்றதற்கு
ஒருவன் வானத்தைக் காட்டினான்.
எழுதிக்கொண்டேன்.

பதினோராமவன் டார்பி ஸ்காலன்.
ரம்பம் இரண்டு விரல் தின்ற கை.
எதிர்த்தரப்பு வக்கீல் பைபிளை நீட்டினார்.
"ஓட்டுக்காக முளைத்த நிலம்தானே இது?"
கீழேயிருந்து ஆபர்நெத்தியே கத்தினார்:
"சத்தியமாய் விற்றேன்! முழு விலைக்கு! அவனுடையது!"
"தவளைச் சேறு, நாற்பது ஷில்லிங் பெறுமா?"
திடல் சிரித்தது.

டார்பி சிரிக்கவில்லை.
"கிரான்பெர்ரி நாலு கூடை, பதினெட்டு ஷில்லிங்.
நீரெலித் தோல் இருபத்தேழு, ஒன்று பத்துப் பென்ஸ்.
கூட்டிப் பாருங்கள், ஆறு பென்ஸ் மிச்சம் வரும்.
வடமேற்கு மூலையில் பட்ட மரம் ஒன்று,
அதில் ஒரு நாரை, இடக்கால் நொண்டி,
அக்டோபர் பத்தொன்பதில் தெற்கே போய்விட்டது.
உறைந்திருக்கிறதே என்று நேற்றுதான்
முதல்முறை குறுக்கே நடந்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு தப்படி, ஐயா."

பிறகு தலையை நிமிர்த்தி
"ஆபர்நெத்தி!" என்று கத்தினான்.
குதிரைகள் மிரண்டன.

ஒன்பது வாக்கில் ஜெயித்தார்.
மறுநாள் பத்துப் பத்திரம் திரும்பி வந்தது.
"வாக்குக் கொடுத்தாயே!" என்று குதித்தாராம்.
"கொடுத்தேனே, ஊரே கேட்டதே" என்றானாம் டார்பி.
ஆலை வேலை போயிற்று.
வழக்குப் போட வழியில்லை;
சத்தியம் செய்தவர் அவரல்லவா.

நோட்டில் 'குறிப்பு' என்றொரு கடைசிக் கட்டம் உண்டு,
எப்போதும் காலியாய்க் கிடப்பது.
டார்பியின் வரிக்கு நேரே
நாரை, இடக்கால் நொண்டி என்று எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பால் அடித்தார்.

இருநூற்றுப் பதினாலு குரல்களை எழுதிய கை.
எனக்கிருப்பது வாடகை அறை, தோல் பதனிடுபவன் வீட்டுக்கு மேலே.
அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு
என் பேரை ஒருமுறை
உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

கீழேயிருந்து துடைப்பக் கட்டையால்
இடித்தான்.