நாற்காலி முனகும் இடம்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு.
செத்த ஸ்பீக்கர்களுக்குக் காகிதக் கூம்பு மாற்றுவது என் பிழைப்பு.
ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்குவேன்.
குனிந்து உள்ளே வருகிறவர்கள் மூன்று பேர்.
பழுது பார்க்க யாரும் எதையும் கொண்டு வருவதில்லை.

திம்மராஜ், நகைக்கடன் கம்பெனியில் தங்கம் உரசுகிறவன்.
தாளம் எண்ணும்போது மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவான்:
ஒந்து, எரடு, மூரு.
ஷமீமா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட்.
வேடியப்பன், பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் ஷெட்டில்
பதினெட்டு வருஷம்.
அவனோடு பேச இடப்பக்கம் உட்கார வேண்டும்,
குரலைத் தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இசையமைப்பாளர் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை.
'அவர்' என்றால் அவர்.
ஷமீமாவின் அவர் வேறு, திம்மராஜின் அவர் வேறு.
ஒருமுறை அரைமணி நேரம்
யாரைப் பற்றி என்று தெரியாமலே
ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம்.

இன்றைக்கும் அதே சண்டை.
படம் ஊத்திக்கொண்டது:
இங்கே பதினோரு நாள், காவேரிப்பட்டணத்தில் நாலு.
கதாநாயகன் முகம்கூட மறந்துபோச்சு.
ஆனால் அவள் அடகுப் பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் படியிறங்கும்போது,
முப்பது வயலின்களும் வில்லைத் தாழ்த்திக்கொள்ள,
தனியாக எழும்புகிறதே ஒன்று,
அது ஓபோ என்கிறான் திம்மராஜ்.
கிளாரினெட், என்கிறாள் ஷமீமா.
"ஓபோவுக்கு மூக்கு உண்டு. இதுக்கு இல்ல."
"சளி புடிச்ச ஓபோ."
"செம்பு கலந்தா கண்டுபுடிக்கிற,
இது கண்டுபுடிக்க முடியலையா?"

வெளியே கூழ் ஆலைக்குப் போகிற மாங்காய் லாரி
நீளமாக ஹாரன் அடித்தது.
"ஜி ஷார்ப்," என்றாள், திரும்பாமலே.

பதினைந்து அங்குல ஊஃபர் பெட்டிமேல்
உள்ளங்கையைப் பரப்பி வைத்திருந்த வேடியப்பன்
அப்போதுதான் வாய் திறந்தான்.
"நீங்க சொல்ற சாமான் எனக்குக் கேக்கவே இல்ல.
ரெண்டு வருஷமாச் சண்டை போடறீங்க,
நான் தலையாட்டிட்டு இருக்கேன்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
மேல் ஸ்வரங்களை ரம்பம் எடுத்துக்கொண்டிருக்கிறது,
ஒன்றொன்றாக, சம்பளத்தில் பிடிப்பதுபோல.

"ஆனா கீழ ஒருத்தன் நிக்கிறான்.
ஒரே சுருதி. விடவே மாட்டேங்கிறான்.
நடுவுல வில்லத் திருப்புறான், அங்க லேசா நடுங்குது.
அப்பறம் என்னமோ மரம் முனகுது."

ட்ரெபிள் குமிழை முழுதாக இடப்பக்கம் திருப்பினேன்.
ஓபோவும் போயிற்று, கிளாரினெட்டும் போயிற்று.
இருட்டில் கண் பழகுவதுபோல்
காது பழகக் கொஞ்சம் நேரமானது.
பிறகு கேட்டது:
டபுள் பாஸ்.
ஒற்றை வில்.
அவள் கடைசிப் படியில் கால் வைக்கும்போது
ஒரு நாற்காலி, உட்கார்ந்தபடி யாரோ திரும்புகிற
முனகல்.

டைட்டிலை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.
சாப்பாடு போட்ட மெஸ் பெயர் இருந்தது.
வேன் கொடுத்தவர், கோழிச் சண்டைக்குக் கோழி கொடுத்தவர்.
வாசித்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சொல்:
இசைக்குழுவினர்.

"ஏன் அசைஞ்சான்?" என்றான் வேடியப்பன்.
முழங்கால் வலி, என்றேன் நான்.
ஏழாவது டேக்காக இருக்கும், பசி, என்றான் திம்மராஜ்.
ஷமீமா யோசித்துச் சொன்னாள்:
"திரைக்கு முதுகு காட்டித்தானே உக்கார வெப்பாங்க.
அவ போறாளான்னு திரும்பிப் பாத்திருப்பான்."

அதுக்கு ஆதாரம் கிடையாது.
எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இன்னொரு தடவ போடுங்க.
ட்ரெபிள ஏத்தாதீங்க," என்றான்.
போட்டேன்.
ஷமீமா எழுந்து வந்து பெட்டியின் மறுபக்கத்தில்
தன் கையை வைத்தாள்.
கூம்பு அதிர்ந்தது.
என்ன வாத்தியம், என்ன சுருதி என்று
அவள் சொல்லாத முதல் ஞாயிறு அது.

படியிறங்கி முடிந்தது.
குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே
திம்மராஜ் மெதுவாகச் சொன்னான்:
"இருந்தாலும் அது ஓபோதான்."